மூக்கு அடைத்திருக்கும்போது வலி ஸ்பிரே வேலை செய்யுமா?

புற்றுநோய் வலிக்காக மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்துகிறவர்களின் வீட்டில் வாடைக்காற்று தொடங்கியதும் ஒரு சந்தேகம் தலைதூக்கும். "மூக்கே அடைச்சுக் கிடக்கு, இப்ப அடிச்சா மருந்து உள்ளே போகுமா?" நியாயமான கேள்விதான். மருந்து போகிற வாசலே மூக்கு என்றால், வாசல் அடைத்திருக்கும்போது என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் பதில் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. அலர்ஜியால் வரும் அடைப்பும் ஒழுகலும் இந்த மருந்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அந்த அடைப்பை எடுக்க நாம் விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்துதான் தடுக்கிறது. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, மூக்குக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

மூக்கு வழியாக மருந்து எப்படி ஏறுகிறது?

வெளியில் தெரிகிற இரண்டு துவாரங்களைத் தாண்டி உள்ளே போனால், பக்கத்துக்கு மூன்றாக மெல்லிய எலும்பு மடிப்புகள் இருக்கின்றன. அவற்றை ஈரமான சவ்வு போர்த்தியிருக்கிறது. மடிப்புகள் அனைத்தையும் விரித்துக் கணக்கிட்டால் சுமார் 150 சதுர சென்டிமீட்டர் பரப்பு வரும். அந்தச் சவ்வுக்கு அடியிலேயே ரத்தக்குழாய்கள் மிக நெருக்கமாக ஓடுகின்றன. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி நுரையீரலுக்கு அனுப்புவதற்காக அமைந்த ஏற்பாடு அது. மருந்துக்கும் அதுவே குறுக்குவழியாகிவிட்டது.

மாத்திரையாக விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே ஒரு பகுதி சிதைந்த பிறகு மிச்சம்தான் உடம்புக்குக் கிடைக்கும். இந்த வலி ஸ்பிரேயில் இருக்கும் ஃபென்டனில் என்ற மருந்தை விழுங்கினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேரும். அதையே மூக்கில் அடித்தால் கல்லீரல் வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை, நேராக ரத்தத்தில் கலந்துவிடும். ஐரோப்பாவில் 2009-ல் அனுமதி பெற்ற இன்ஸ்டானில் என்ற ஃபென்டனில் ஸ்பிரேயில் ஏறத்தாழ 89 சதவீதம் ரத்தத்தில் சேருகிறது. 12 முதல் 15 நிமிடங்களில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது.

இவ்வளவு அவசரம் எதற்கு? புற்றுநோய் வலி இரண்டு விதமாக வரும். ஒன்று நாள் முழுக்க இருக்கும் அடிவலி. அதற்கு மார்ஃபின் மாத்திரையோ, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையோ நேரம் தவறாமல் கொடுப்பார்கள். இன்னொன்று, அந்த மருந்தையும் மீறிக்கொண்டு திடீரென்று எகிறும் வலி. இருமினால் வரும், புரண்டு படுத்தால் வரும், ஒன்றுமே செய்யாமலும் வரும். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். மாத்திரை விழுங்கினால் அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்துக்குள் வலி தன் ஆட்டத்தை முடித்திருக்கும். அந்த எகிறும் வலிக்காகத்தான் ஸ்பிரே.

ஃபென்டனில் கொழுப்பில் எளிதாகக் கரைவதால் சவ்வைத் தாண்டுவது அதற்குச் சிரமமே இல்லை. மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் உள்ளது, அதனால் மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தால் போதும். இந்த இரண்டு குணங்களும்தான் அதை மூக்குக்கு ஏற்றதாக்குகின்றன. மூக்கு ஒரு பக்கத்தில் தாங்கும் திரவம் 0.1 மில்லிலிட்டர், மிஞ்சிப்போனால் 0.15. அதற்கு மேல் அடித்தால் தொண்டைக்கு வழிந்துவிடும், இல்லாவிட்டால் வெளியே ஒழுகும்.

சவ்வின் மேல் சளிப்படலம் ஒன்று எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நுண்ணிய மயிர்கள் அதை நிமிடத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. தூசியோ மருந்தோ, மூக்குக்குள் விழும் எதற்கும் 15, 20 நிமிடம்தான் தங்கல். அதற்குள் ஏறியது ரத்தத்துக்கு, ஏறாதது வயிற்றுக்கு. பெக்ஃபென்ட் என்ற இன்னொரு ஸ்பிரேயில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். பழத்தோலில் இருக்கும் பெக்டினை மருந்தோடு சேர்த்தார்கள். அது மூக்கின் ஈரத்தில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்ததும் மெல்லிய கூழாகி, மருந்தைச் சவ்வோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது.

அலர்ஜி வந்தால் என்ன ஆகிறது?

ராமநாதபுரம் கடற்கரையில் மூக்கு அலர்ஜிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சாயல்குடியிலிருந்து உச்சிப்புளி வரை சாலையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம்தான். அதன் பூந்தாது அலர்ஜியைத் தூண்டக்கூடியது என்பது நன்கு தெரிந்த விஷயம். அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் ஊர்களில் புகை வேறு சேர்ந்துகொள்ளும். கடலோர ஈரக்காற்றில் வீட்டுத்தூசிப் பூச்சி என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் மெத்தையிலும் தலையணையிலும் சுகமாகப் பெருகும். மழைக்காலத்தில் ஓட்டு வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். மண்டபம் பக்கம் நண்டை அவித்து ஓடு உடைக்கும் இடங்களில் ஆவியோடு புரதத் துகள்கள் மிதந்து வரும். கருவாடு உதறித் தரம் பிரிக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பத்து மீனுக்கு ஒரு தும்மல் என்று வேலை பார்ப்பதைக் கடற்கரையில் நின்றால் பார்க்கலாம். கருவாட்டுத் தூசியையும் உப்பையும் வருடக்கணக்காகச் சுவாசித்த மூக்குகள் அவை.

இப்படி ஒரு துகள் உள்ளே போனதும், ஏற்கெனவே அதன் மேல் பகை கொண்டிருக்கும் உடம்பு உஷாராகிறது. சவ்வில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களில் அரிப்பு, தும்மல், தண்ணீராக ஒழுகல். சில மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று வரும். அதில் தும்மலைவிட அடைப்பே அதிகம்.

இந்த அடைப்பைப் பற்றி ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூக்குக்குள் சளி கெட்டியாக நிரம்பிவிட்டது என்றே தோன்றும். சளியும் உண்டுதான். ஆனால் மூச்சை மறிப்பது பெரும்பாலும் வீங்கிப்போன சவ்வு. மடிப்புகளுக்குள் இருக்கும் ரத்தப் பைகள் விரிந்து, ரத்தம் தேங்கி, காற்றுப் பாதையைச் சுருக்கிவிடுகின்றன. எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்காததற்குக் காரணம் இதுதான்.

இனி மருந்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒழுகும் நீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போகலாம், வீங்கிய மடிப்புகள் ஸ்பிரே பரவும் இடத்தைக் குறைக்கலாம். இரண்டும் பாதகம். ஆனால் அதே நேரத்தில் சவ்வுக்கு அடியில் ரத்தம் வழக்கத்தைவிட நிறைய நிற்கிறது, ஹிஸ்டமினால் திசுக்களின் இடைவெளி தளர்ந்திருக்கிறது. இரண்டும் மருந்துக்குச் சாதகம். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டால் மொத்தத்தில் பெரிய மாற்றம் இருக்காது. சோதித்துப் பார்த்தபோது தெரிந்ததும் ஏறத்தாழ அதுதான்.

பெக்ஃபென்ட் ஸ்பிரேயைப் பருவகாலப் பூந்தாது அலர்ஜி உள்ளவர்களிடம் மூன்று நிலைகளில் சோதித்தார்கள். அலர்ஜி கிளம்பாமல் மூக்கு அமைதியாக இருக்கும்போது ஒரு முறை. பூந்தாதுவால் அலர்ஜியைத் தூண்டிவிட்டு, மூக்கு ஒழுகி அடைத்திருக்கும்போது ஒரு முறை. அப்படித் தூண்டிவிட்ட பிறகு ஆக்ஸிமெட்டாசொலின் என்ற அடைப்பு நீக்கும் மருந்தை மூக்கில் விட்டு ஒரு முறை. முதல் இரண்டு நிலைகளுக்கும் இடையே, ரத்தத்தில் ஏறிய அளவிலும் ஏறிய நேரத்திலும் சிகிச்சையைப் பாதிக்கிற வித்தியாசம் இல்லை. மூன்றாவது நிலையில்தான் கணக்கு மாறியது. உச்ச அளவு குறைந்தது, உச்சத்தைத் தொட அதிக நேரம் ஆனது, மொத்தமாகச் சேர்ந்த அளவும் குறைந்தது.

இன்ஸ்டானிலைச் சாதாரண ஜலதோஷம் உள்ளவர்களிடம் பார்த்தபோதும் இதே கதை. ஜலதோஷம் மட்டும் இருந்தவர்களுக்கு, நலமாக இருப்பவர்களுக்குச் சேருகிற அளவு மருந்து சேர்ந்தது. அடைப்பு நீக்கும் மருந்தை முன்கூட்டியே விட்டுக்கொண்டவர்களுக்கு உச்ச அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, அதைத் தொடும் நேரம் இரண்டு மடங்கானது. ஃபென்டனில் ஸ்பிரேக்களுக்கு வெகு காலம் முன்பே, 1991-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பியூட்டார்ஃபனால் என்ற இன்னொரு வலி மருந்தின் மூக்கு ஸ்பிரேயோடு வரும் தகவலேட்டிலும் அலர்ஜி மூக்கால் மருந்து சேரும் அளவு மாறவில்லை என்றும், ஆக்ஸிமெட்டாசொலின் விட்டால் உச்சம் பாதியாகிறது என்றும் இருக்கிறது. மூன்று வெவ்வேறு தயாரிப்புகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதனால்தான் இதைத் துணிந்து சொல்ல முடிகிறது.

சொட்டு மருந்து செய்யும் வேலை

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்கும் நாசிவியான் ஆக்ஸிமெட்டாசொலின். ஓட்ரிவின் அதே குடும்பத்தைச் சேர்ந்த சைலோமெட்டாசொலின். இவை சளியைக் கரைப்பதில்லை, அலர்ஜியையும் குணப்படுத்துவதில்லை. சவ்வில் உள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குவது ஒன்றுதான் இவற்றின் வேலை. குழாய் சுருங்கினால் வீக்கம் வடியும், வீக்கம் வடிந்தால் மூச்சு வரும். ஐந்து பத்து நிமிடங்களில் கிடைக்கும் அந்தச் சுகத்துக்குத்தான் இவ்வளவு மவுசு.

மருந்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதும் அதே ரத்தம்தான். துறையில் நெரிசல் குறையட்டும் என்று வள்ளங்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் கரை விசாலமாகத் தெரியும், ஆனால் வந்து இறங்கிய சரக்கை ஏற்ற ஆள் இருக்காது. மூச்சு போகும் பாதையும் மருந்து ஏறும் பாதையும் வேறு வேறு. ஒன்று திறந்திருப்பதை வைத்து மற்றதும் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது வீட்டில் எப்படி ஆபத்தாக மாறும்? மண்டபத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு எலும்புக்குப் பரவிய புற்றுநோய். மார்கழி விடியற்காலை, வாடை வீசுகிறது, இரவெல்லாம் மூக்கு அடைப்பு. ஆறு மணிக்கு மகன் இரண்டு பக்கமும் சொட்டு விடுகிறார். "இப்ப மூச்சு வருதாப்பா?" "வருதுப்பா, நல்லா வருது." பத்து நிமிடத்தில் இடுப்பில் வலி எகிறுகிறது. மூக்குதான் திறந்துவிட்டதே என்று ஸ்பிரே அடிக்கிறார்கள். வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முகம் தெளிந்துவிடும் மனிதர், இருபது நிமிடம் ஆகியும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார். "மருந்து சரியா போகலபோல" என்று இன்னொரு முறை அடிக்கிறார்கள். முதலில் அடித்தது எங்கும் போய்விடவில்லை. தாமதமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது இரண்டாவதும் அதன் மேல் ஏறுகிறது. ஏழு மணிக்கு மருமகள் டீயோடு வந்து, "மாமா, எந்திரிங்க" என்று தோளைத் தட்டினால் அவர் கண் திறக்க மாட்டார்.

ஃபென்டனில், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மருந்து அளவு மீறினால் வலியோடு சேர்த்து மூச்சையும் அடக்கிவிடும். ஆகவே மூக்கு அடைத்த நாளில் ஸ்பிரே வேலை செய்யவில்லை என்று தோன்றினால், மறுபடி அடிக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இன்று மூக்கில் வேறு ஏதாவது மருந்து விட்டோமா?

எத்தனை முறை அடிக்கலாம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இன்ஸ்டானிலில் வலி அடங்காவிட்டால் குறைந்தது 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை அடிக்க அனுமதி உண்டு. பெக்ஃபென்டில் ஒரு வேளைக்கான அளவை அடித்தால் அடுத்ததற்கு 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் செய்யக் கூடாத மருந்து இது. உங்கள் மருத்துவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த இடைவெளிதான் கணக்கு.

இன்னொரு பொறியும் இருக்கிறது, இது அவ்வளவு சுலபமாகக் கண்ணுக்குப் படாது. ஸ்பிரே தொடங்கும்போது யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குறைந்த அளவில் ஆரம்பித்து, வலி அடங்கும் வரை படிப்படியாக ஏற்றிப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் நோயாளி தினமும் சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டிருந்தால், சுருங்கிய குழாய்களுக்கு ஏற்றபடி தேவைக்கு அதிகமான அளவில் போய் நிற்பார்கள். ஒரு வாரம் கழித்து மூக்கு சரியாகி, சொட்டை நிறுத்திவிடுகிறார். ஸ்பிரே அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு முழு மருந்தும் வேகமாக ஏறும். இதனால்தான் ரத்தக்குழாயைச் சுருக்கும் சொட்டு பயன்படுத்தும் நாட்களில் இந்த ஸ்பிரேயின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம் என்று தகவலேடுகளே எச்சரிக்கின்றன. மருத்துவர் "வேற என்ன மருந்து எடுக்குறீங்க?" என்று கேட்டால் பலருக்கும் மாத்திரைதான் நினைவுக்கு வரும். மூக்குச் சொட்டை மருந்தென்றே கருதுவதில்லை. தயவுசெய்து அதையும் சொல்லுங்கள்.

அலர்ஜியை என்ன செய்வது?

மூக்கு அரித்து, ஒழுகி, தூக்கம் கெட்டுக் கிடப்பவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஏற்கெனவே வலியில் இருப்பவருக்கு அது கொடுமை. ஓபியாய்டோடு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்தால் போதும்.

சொட்டைவிட நான் அதிகம் பயப்படுவது சளி மாத்திரைக்குத்தான். கடையில் "சளிக்கு ஒரு செட்" என்று கேட்டால் கிடைக்கும் கூட்டு மாத்திரைகளில் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். அவில் மாத்திரையில் பெனிரமின். இரண்டும் நன்றாகத் தூக்கம் தருபவை. ஓபியாய்டு ஏற்கெனவே மூளையை மந்தப்படுத்தி மூச்சைக் குறைக்கும் மருந்து. அதோடு தூக்க மாத்திரையின் குணமுள்ள இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டின் மயக்கமும் கூடிவிடும். செட்ரிசினில் இது குறைவு, ஆனாலும் சிலருக்கு நன்றாகவே அசத்தும். ஃபெக்ஸோஃபெனடின், லோரட்டடின் போன்றவை தூக்கம் மிகக் குறைவாகத் தருபவை. எது பொருந்தும் என்பதை வலிக்கு மருந்து எழுதும் மருத்துவரிடமே கேட்பது நல்லது.

ஃபுளுட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேக்கள் அலர்ஜியின் வீக்கத்தையே குறைப்பவை. அடித்ததும் மூக்கு திறந்துவிடாது, முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். அதனால் பலர் இரண்டே நாளில் "இது வேலைக்கு ஆகாது" என்று சொட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சொட்டை வாரக்கணக்கில் விட்டால் அதனாலேயே அடைப்பு திரும்பத் திரும்ப வரும் என்பது தனிக் கதை. மூன்று நான்கு நாளுக்கு மேல் அதைத் தொடரக் கூடாது. எந்த மூக்கு மருந்தானாலும், வலி ஸ்பிரே அடிப்பதற்கு முன்னும் பின்னும் 15 நிமிடமாவது தள்ளி இருக்கட்டும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பழக்கம், ரத்தக்குழாய்க்கு அதனால் ஒன்றும் ஆகாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீராக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது.

அப்புறம் வேது. நொச்சி இலையையோ தைலத்தையோ போட்டு, போர்வையை மூடி ஆவி பிடிப்பது நம் வீடுகளில் முதல் வைத்தியம். அடிவலிக்காக மார்பிலோ மேற்கையிலோ ஃபென்டனில் பட்டை ஒட்டியிருப்பவர் இதைச் செய்யக் கூடாது. தோல் சூடானால் பட்டையிலிருந்து மருந்து வேகமாகக் கசிந்து உள்ளே ஏறும். சூடான ஒத்தடம், மின்சாரப் போர்வை, கடும் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றாலும், நம் ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது போர்வைக்குள் வேது பிடிப்பதுதான். அன்போடு செய்யும் காரியம் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

அலர்ஜி முற்றி சைனஸ் தொற்றாகி, ஆன்டிபயாட்டிக் எழுதும் நிலை வந்தால் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டின் பெயரையும் கவனியுங்கள். ஃபென்டனிலைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை இவை முடக்கிவிடும், ரத்தத்தில் ஃபென்டனில் தேங்கும். பூஞ்சைக்குத் தரும் ஃபுளுகோனசோலும் அப்படியே. சைனஸுக்கு மருந்து எழுதும் மருத்துவருக்கு வலி ஸ்பிரே பற்றித் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் நடப்பது.

அடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒழுகும் மூக்கை ஸ்பிரேக்கு முன்பு மெதுவாகச் சிந்திவிட வேண்டும், அடித்த பிறகு உடனே சிந்தக் கூடாது. துண்டை எடுத்து மூக்கைத் துடைக்கும் பழக்கம் கையோடு வந்துவிட்டவர்களுக்கு இது கஷ்டம்தான், பக்கத்தில் இருப்பவர் நினைவுபடுத்த வேண்டும். உட்கார்ந்த நிலையில் அடிக்க வேண்டும். மிகச் சிறிய அளவு என்பதால் மூக்குக்குள் எதுவும் விழுந்ததுபோலவே தெரியாமல் போகலாம். அடைத்த மூக்கில் கேட்கவே வேண்டாம். பெக்ஃபென்ட் புட்டியில் ஒரு 'கிளிக்' சத்தமும் எண்ணிக்கை காட்டும் சின்னக் கண்ணாடியும் இருப்பது இதற்காகத்தான். சத்தம் கேட்டு, எண் மாறியிருந்தால் மருந்து போய்விட்டது என்று பொருள். உணர்வை நம்பி மறுபடி அழுத்தக் கூடாது. அடித்த கையோடு தும்மல் வந்தாலும் அதே விதிதான். எவ்வளவு போயிற்று, எவ்வளவு தங்கிற்று என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், ஈடு செய்ய இன்னொன்று அடிக்காமல் மருத்துவரைக் கேட்பதே பாதுகாப்பு.

மூக்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள்

மேலே சொன்ன நல்ல செய்தி அலர்ஜிக்கும் ஜலதோஷத்துக்கும் உரியது. மூக்கில் எது வந்தாலும் பரவாயில்லை என்று அதை நீட்டக் கூடாது. முகத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறவர்களுக்கும் இன்ஸ்டானில் கூடாது என்று அதன் தகவலேடு வெளிப்படையாகவே சொல்கிறது. புகையிலையால் வாய், தாடைப் புற்றுநோய் மலிந்த நம் நாட்டில், வலி மருந்து தேவைப்படுகிற பலர் முகத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களாகவே இருப்பார்கள். அவர்களின் சவ்வு வறண்டு, பொருக்குத் தட்டியிருக்கும். அங்கே மருந்து எப்படி ஏறும் என்பதற்கு அலர்ஜி ஆய்வுகளிலிருந்து பதில் எடுக்க முடியாது.

எல்லோருக்கும் பொதுவான ஒரு நிபந்தனையும் உண்டு. ஃபென்டனில் ஸ்பிரே, உடம்பு ஏற்கெனவே ஓபியாய்டுக்குப் பழகியவர்களுக்கு மட்டும்தான். குறைந்தது ஒரு வாரமாகத் தினம் 60 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை, அல்லது அதற்குச் சமமான வேறு ஓபியாய்டு எடுத்துவருபவர்கள் என்று அதற்கு வரையறை வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறதே என்று முதுகுவலிக்கோ தலைவலிக்கோ இன்னொருவர் அடித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. காலிப் புட்டியில் மிச்சம் நிற்கும் மருந்தே ஒரு குழந்தையைக் கொல்லப் போதுமானதாக இருக்கலாம், அதனால் பூட்டி வையுங்கள்.

எழுப்பினால் எழாத தூக்கம், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக இழுத்து இழுத்து வரும் மூச்சு, குறட்டை மாதிரி ஒரு சத்தம், நீலம் பாரிக்கும் உதடு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி. இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைத்து, ஓபியாய்டு மருந்து கொடுத்திருக்கிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது. என்ன கொடுத்தோம் என்று தெரிந்தால்தான் அவர்களால் அதை உடனே எடுக்க முடியும். பயந்துகொண்டு மறைப்பதால் வீணாகும் நிமிடங்கள் திரும்பக் கிடைக்காது.

நம் கரையில் நிலைமை

இந்த ஸ்பிரேக்களைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், ராமநாதபுரம் மாவட்டத்தில் வலியோடு இருக்கும் பெரும்பாலானவர்கள் கைக்கு வருவது மார்ஃபின் மாத்திரைதான். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வெளிநாட்டில் சிகிச்சை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஸ்பிரே பற்றிய கேள்வியோடு வரலாம். ஃபென்டனில் இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காமல், புறப்படும் நாட்டின் விதியையும் நம் நாட்டின் விதியையும் விசாரித்து, மருத்துவரின் கடிதத்தோடு முன்னேற்பாடு செய்ய வேண்டும்.

அந்தச் சட்டத்தால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளே மார்ஃபின் வைத்திருக்கத் தயங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறையும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வாங்கி வைக்கவும் கொடுக்கவும் வழி எளிதானது. ஆனாலும் கடைசி மனிதர் வரை அது வந்து சேரவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் விதி என்று நம்ப வைக்கப்பட்ட குடும்பங்கள் இன்னும் இருப்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

ராமநாதபுரத்தில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலித்தணிப்புச் சேவையும் ஒரு பகுதி. வீட்டுக்கு வரும் செவிலியரிடம் வலி மாத்திரைகளின் அட்டையோடு மூக்குச் சொட்டு, சளி மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் காட்டுங்கள். மார்ஃபின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு மூக்கு அடைத்தாலும் திறந்தாலும் மருந்து ஏறுவதில் மாற்றம் இல்லை. ஆனால் தூக்கம் தரும் சளி மாத்திரை விஷயத்தில் அவர்களும் இதே எச்சரிக்கையோடுதான் இருக்க வேண்டும்.